மஞ்சள் மருந்தும் மூடிய கிணறும்

பிள்ளைகள் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது சின்னக் கேள்விதான். "இந்தக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது, டாக்டர்?" எந்த மருந்து எந்தக் கிருமிக்கு என்று சொல்லித்தர உங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். தாயிடம் சொல்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை நான் உருப்படியாகச் செய்தது ஒரே ஒரு தடவை. அதுவும் தப்பிக்க வழி இல்லாமல் போனபோது.

எழுபதுகளில் ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்த்தேன். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றோடு கிளினிக்குக்கு ஒப்பந்தம் இருந்தது. அன்றாடக் காய்ச்சல், வெட்டுக்காயம் எல்லாம் தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் உதவியாளர், டிரெசர், பார்த்துக்கொள்வார். வாரத்தில் ஒரு நாள் நான் போவேன். பால் வெட்டு முடிந்து, கையில் ரப்பர் பால் பிசுக்கோடு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் கேட்டது மஞ்சள் மருந்து. டெட்ராசைக்ளின் சிரப். இனிப்பாக இருக்கும், பிள்ளை துப்பாது. சளி, இருமல், வயிற்றுப்போக்கு, சும்மா அழுகை, எல்லாவற்றுக்கும் அதை எழுதினேன்.

"இந்த டாக்டருக்குக் கைராசிலா," என்று வரிசையில் பேசிக்கொள்வது என் காதில் விழும். "போன டாக்டரு தண்ணி குடு, தொடச்சி விடுன்னு கத பேசிட்டுப் போவாரு. இவரு பாட்டில் குடுத்தாருன்னா புள்ள எந்திரிச்சி ஓடும்."

எனக்கு முன்னால் வந்துகொண்டிருந்தவரைத்தான் அப்படிக் கேலி செய்தார்கள். அதைக் கேட்டு மகிழ்ந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அந்த மருந்து ஆகாது, பல்லில் கறை நிற்கும் என்று புத்தகத்தில் இருந்தது. படித்திருந்தேன். தேர்வில் எழுதிக்கூட இருக்கிறேன். உயிருக்குப் போராடும் இடத்தில் பல்லின் நிறம் ஒரு விஷயமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் உயிருக்குப் போராடவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றார்கள்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இன்னொரு பழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் பிள்ளைக்குக் குணமானதும் மீதி மருந்தை வைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சுட்டால், உறைக்கு மோர் கேட்பதுபோல, ஒரு கிண்ணியோடு வந்து கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் உறவு கெட்டுவிடும். நான் ஒரு வீட்டுக்கு எழுதிய பாட்டில் எத்தனை வீட்டுக்குப் போனதோ, எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிளினிக்கை விட்டு ஈப்போவில் பிள்ளைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தேன். தோட்டத்தோடு இருந்த பழக்கம் மட்டும் விடவில்லை. மாதம் ஒருமுறை போய்வந்தேன். அந்தச் சமயத்தில்தான், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் பல் தாதி ஒருவர் என்னைத் தேடி வந்தார். சீனப் பெண், வேடிக்கையாகப் பேசுகிறவர்.

"டாக்டர், உங்க தோட்டத்துப் பிள்ளைங்க கோப்பியில வாய் கொப்பளிக்கிறாங்களா?" என்று கேட்டார். "முன்பல்லுல பழுப்புப் பட்டை. தேய்ச்சாலும் போகல. வேற பள்ளிக்கூடத்துல இவ்வளவு இல்லை. ஏன் லா?"

"தண்ணீராக இருக்கும்," என்றேன்.

சொல்லும்போது பொய் சொல்வதாக நினைக்கவில்லை. சில ஊர்த் தண்ணீர் பல்லைக் கெடுக்கும் என்பது உண்மைதான். அந்தத் தோட்டத்துக் கிணற்று நீரில் துரு வாசம் அடிக்கும், வாளியில் செம்மண் நிறத்தில் படியும். பார்த்தவர் எவருக்கும் முதலில் அதுதான் தோன்றும். புத்தகத்தில் படித்ததும் தலைக்குள்தான் இருந்தது. அது என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

தாதி போய்த் தோட்டத்து மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். மேனேஜர் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். நல்ல மனிதர். அதிகம் யோசிக்காமல் கிணற்றின் வாய்க்கு சிமெண்ட்டுப் பலகை போட்டு மூடிவிட்டார். லயத்துக்காரர்கள் இனி குடிக்கவும் சமைக்கவும் ஆபீஸ் பக்கத்துப் பைப்பிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். மேட்டைத் தாண்டிப் போகவேண்டிய இடம்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் குறுகுறுப்பு வந்தது. அடுத்த தடவை போனபோது பிள்ளைகளின் வாயைப் பார்க்கத் தொடங்கினேன். 'ஆ' காட்டச் சொல்லித் தொண்டையைப் பார்ப்பதுபோல் பல்லைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் தண்ணீர்க் கணக்கு உதைத்தது. ஒரே வீட்டில் அக்காவுக்குப் பல் வெள்ளை, தம்பிக்குப் பழுப்பு. கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சில வருடங்களுக்கு முன் குடிவந்த குடும்பம், அதே கிணற்று நீரைக் குடித்தவர்கள், அத்தனை பிள்ளைகளுக்கும் முல்லைப் பல். கறையும் பல் முழுக்கப் பரவியிருக்கவில்லை. பட்டை பட்டையாக, குறுக்கே கோடு இழுத்ததுபோல் இருந்தது. பல் வளர்ந்துகொண்டிருந்தபோது ஏதோ வந்து, போய், மறுபடி வந்த மாதிரி.

எல்லாரிலும் மோசமான பல் தோட்டத்து மளிகைக்கடைப் பாயின் மகளுக்கு இருந்தது.

"தண்ணியப் பாத்து குடிக்கச் சொல்லலாமே பாய்," என்றேன் அவரிடம், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"எந்தத் தண்ணி? எங்க வீட்டுல மழைத்தண்ணிதான் டாக்டர். கெணத்துத் தண்ணியில தேத்தண்ணி போட்டா ருசிக்காதுன்னு எங்க அத்தா காலத்துலயே தொட்டி கட்டியாச்சு." பிறகு மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பல்லு கெடக்கு டாக்டர். சின்னதுல இது சளியில எத்தன வாட்டி கெடந்துச்சு! வாரா வாரம் உங்க மஞ்ச மருந்துதான். உங்க கைராசி, உசுரோட நிக்கிது."

கடைக்குள் கருவாட்டு வாடை. எனக்கு எழுந்து வெளியே வரவேண்டும்போல இருந்தது. கடைக்காரர், கங்காணி, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, யார் வீட்டில் டாக்டரிடம் வர நேரமும் வசதியும் இருந்ததோ அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பல் அதிகம் கறுத்திருந்தது. என்னிடம் வராதவர்கள் தப்பித்திருந்தார்கள்.

இருந்தாலும் ஊகம் ஊகம்தானே என்று ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அந்த நூலை அறுத்தது தேவகி.

தேவகி பால் வெட்டும் அஞ்சலையின் மகள். பத்து வயதிருக்கும். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். பள்ளியில் அவளுக்குப் 'பாக்குப்பல்லு' என்று பட்டம் வைத்திருந்தார்கள். ஒரு நாள் காகிதத்தில் பொதிந்த ஒரு பால் பல்லை நீட்டினாள். விழுந்த கடைவாய்ப் பல்.

"கூரையில போட்டா புதுப் பல்லு வெள்ளையா வரும்னு அம்மா சொல்லுது. மொத விழுந்ததெல்லாம் போட்டேன், வரல. நீங்க பாத்துச் சொல்லுங்க டாக்டர், உள்ள என்னா இருக்குன்னு."

அவளுக்கு இருந்த ஆர்வம்தான் எனக்கும். பல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். தோல் நோய்ப் பிரிவில், தலைப்படை பார்க்க ஒரு விளக்கு வைத்திருப்பார்கள். புற ஊதாக் கதிர் விளக்கு. டெட்ராசைக்ளின் ஏறிய பல் அதன் கீழே மின்னும் என்று படித்திருந்தேன். மதிய நேரம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, பல்லை மேசையில் வைத்து, விளக்கைப் போட்டேன்.

பல் மஞ்சளாக எரிந்தது. என் சிரப்பின் நிறம்.

தேவகி கைக்குழந்தையாக இருந்தபோது அவளைப் பார்த்த ஒரே டாக்டர் நான். அந்த நிமிடம் எனக்கு முதலில் வந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன், சந்தோஷம். புதிர் அவிழ்ந்த சந்தோஷம். விளக்கை அணைத்த பிறகுதான் மற்றது வந்தது.

அன்றே மேனேஜரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பைப்புத் தண்ணீர் சுத்தமானது, அதைக் குடிப்பதில் கெடுதல் என்ன என்று சொல்லிக்கொண்டேன். வார்டில் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மருந்து எழுதுவதை நிறுத்தினேன். மற்ற ஆன்டிபயாடிக்குகளையும் கேட்டவுடன் எழுதக்கூடாது என்று இளம் டாக்டர்களிடம் கண்டிப்பாக இருந்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்குப் புத்தகத்தைக் காட்டினேன். தோட்டத்தைக் காட்டவில்லை. தோட்டத்துக்குப் போவதையும் வேலை அதிகம் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது.

பிறகு ஒரு நாள் காலை அஞ்சலை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தேவகியோடு வார்டுக்கு வந்தாள். தேவகிக்குப் பிறகு வெகுகாலம் கழித்து, கோயில் கோயிலாக வேண்டிப் பிறந்த ஆண் குழந்தை. இன்னும் ஒரு வயது ஆகவில்லை. இரண்டு நாளாகக் கடும் காய்ச்சல். அன்று விடிந்ததும் வலிப்பு வந்திருக்கிறது. வார்டுக்கு வந்த பிறகு இன்னொரு வலிப்பு. நான்தான் பார்த்தேன். காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் சுத்தம். எடுத்த சோதனைகளும் பயப்படும்படி இல்லை. வலிப்பு நின்றபின் குழந்தை தாயைப் பார்த்தது, பால் குடித்தது. வைரஸ் காய்ச்சல், தானாக இறங்கும், ஆனால் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்ல முடியும். இந்த வேலையில் அந்த இடத்தில் யாருக்கும் அதற்கு மேல் கிடைப்பதில்லை.

பகல் முழுக்கக் காய்ச்சல் இறங்கவில்லை. சாயங்காலம் அஞ்சலை கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அடியில் கொஞ்சம் மஞ்சள் மருந்து. யார் வீட்டிலிருந்தோ வாங்கி வந்திருக்கிறாள்.

"ஒரு வாய் ஊத்திக்கிறேன் டாக்டர். ஒண்ணும் பேசாதீங்க."

"அது வேணாம்மா. இந்தக் காய்ச்சலுக்கு அது கேக்காது."

"எது கேக்காது? இவ இடுப்புல இருக்கையில எத்தன பாட்டில் குடுத்தீங்க? அப்ப கேட்டுச்சில்ல? இப்ப கவர்மெண்டு மாதிரி பேசுறீங்க." குரல் உயர்ந்தது. "ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. ஈரத் துணிய வெச்சித் தொடைக்கத்தான் நாங்க ஈப்போ வந்தமா? துணி எங்க லயத்துலயும் இருக்கு. தேவகி, பைய எடு. கீழ டாக்சி நிக்குதான்னு பாரு. கோப்பெங்குல ஊசி போடுவாங்க."

குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. டாக்சியில் மறுபடி வலிப்பு வந்து, மூச்சு அடைத்தால், அந்தச் சாலையில் உதவ யாரும் இல்லை. அவளை நிறுத்த எனக்குச் சுலபமான வழி ஒன்று இருந்தது. ஒரு பாட்டிலை எழுதிக் கொடுத்திருக்கலாம். இருந்துவிடுவாள், என்னை வாழ்த்துவாள். பேனா சட்டைப்பையில் இருந்தது. கை அதன்மேல் போனதையும் சொல்லிவிடுகிறேன்.

தேவகி பையைத் தூக்கிக்கொண்டு, மற்ற கையால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றாள்.

"அஞ்சல, கொஞ்சம் உக்காருங்க," என்றேன். "தேவகி பல்லு கறுத்தது கெணத்துத் தண்ணியால இல்ல. அந்த மருந்தால. நான் குடுத்த மருந்து."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். பல்லை விளக்கில் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். பாய் மகளைப் பற்றிச் சொன்னேன். "இந்தப் பிள்ளைக்கும் இப்பதான் பல்லு உள்ள வளருது. காய்ச்சலும் அதுக்குக் கேக்காது, பல்லும் போயிரும்."

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன வருஷம்."

"ஏன் சொல்லல?"

"பயம்."

"டாக்டருக்கு யாரப் பாத்துப் பயம்?"

"உங்களப் பாத்துத்தான்."

தேவகிதான் பேசினாள். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தாள். பழுப்புக் கோடுகள் முழுக்கத் தெரிந்தன.

"அப்ப நான் ஏன் டாக்டர் தண்ணி தூக்குனேன்?"

மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பைப்பிலிருந்து, பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், அந்த வீட்டுத் தண்ணீரை எடுத்து வந்தவள் அவள்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கெடுதல் என்ன என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேனே, அது அவள் தோளில் இருந்திருக்கிறது.

அஞ்சலை பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "புள்ள இங்கயே இருக்கட்டும். டாக்சி வேணாம்," என்றாள். "ஆனா நீங்க பாக்க வேணாம். வேற டாக்டரு பாக்கட்டும்."

சரி என்றேன். இளம் டாக்டர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வார்டின் மறுகோடியில் இருந்தேன். என் கணிப்புத் தவறாக இருந்தால் என்ற நினைப்பைச் சுமந்துகொண்டு அவ்வளவு நேரம் நான் எப்போதும் இருந்ததில்லை. பக்கத்தில் போகவும் உரிமை இல்லை. மறுநாள் காலையில் காய்ச்சல் சட்டென்று இறங்கியது. குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் ரோஜா நிறத்தில் பொடிப் பொடியாகத் தடிப்பு. கைக்குழந்தைகளுக்கு வரும் சாதாரண வைரஸ் காய்ச்சல் ஒன்று அப்படித்தான் விடைபெறும். நீங்களும் நிறையப் பார்ப்பீர்கள்.

முதல் நாள் சாயங்காலம் அந்த மஞ்சள் மருந்தில் ஒரு வாய் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கியிருக்கும். டாக்டரின் கைராசி என்று தோட்டம் முழுக்கப் பேச்சாகியிருக்கும். நானும் நம்பியிருப்பேன். அஞ்சலைக்கும் அதே யோசனை ஓடியிருக்கிறது. வராந்தாவில் என்னைக் கடக்கும்போது நின்றாள்.

"அப்ப அன்னிக்கெல்லாமும் இப்டித் தானாத்தான் எறங்கிச்சா?"

"முக்காவாசி தடவ அப்படித்தான்."

"மிச்சம்?"

"மிச்சத்துக்கு மருந்து வேணும். குடுக்காம இருந்தா பிள்ள போயிரும். அதப் பிரிச்சுப் பாக்கத்தான் எங்களப் படிக்க வெச்சாங்க."

"படிச்சீங்க," என்றாள். அவ்வளவுதான்.

இதிலிருந்து நீங்கள் எதை எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது. மருந்தைக் கஞ்சத்தனமாகக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தேவைப்படும் பிள்ளைக்குத் தயங்கினால் அது இன்னொரு குற்றம். வேண்டாம் என்று சொல்லும்போது, 'எங்கள் மேல் நம்பிக்கை வையுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தத் தாய்க்கு மருந்தின்மேல் ஆசையை உண்டாக்கியதே நம்மைப் போன்ற ஒருவராக இருக்கலாம். அதை அவளிடம் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்தில் இருங்கள். ஈரத் துணியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

குழந்தை வீட்டுக்குப் போனபின் நான் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன்.

"மூடுன்னீங்க, மூடுனேன். இப்பத் தொறன்னு சொல்றீங்க. நாளைக்கு என்ன டாக்டர்?" என்றார். கேட்கவேண்டிய கேள்விதான். கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பி, பல்லைக் கெடுக்க அதில் ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு பலகையை உடைக்கச் சொன்னார். அன்று என்னையும் வரச் சொன்னார்.

லயத்துக்காரர்கள் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். நான் அவர்களிடம் என் தவறைச் சொன்னேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ ஒருத்தி மண்ணைத் தூற்றினாள். அது என்மேல் விழவில்லை, விழுந்திருக்கலாம். பல் கறுத்த பிள்ளைகளுக்கு அன்று நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. கிணற்றைத் திறப்பது மட்டும்தான் இருந்தது. திறந்தும், ஒருவரும் தண்ணீரைத் தொடவில்லை.

"டாக்டரு சொல்லித்தான மூடுனது," என்றார் கங்காணி. "டாக்டரே மொதல்ல குடிக்கட்டும்."

தேவகி வாளியை இறக்கி இறைத்தாள். பைப்புக்குப் போய்வந்த அதே வாளி, பிடியில் துணி சுற்றியிருந்தது. தகரக் குவளையில் மொண்டு என்னிடம் நீட்டினாள். துரு வாசம் தூக்கலாக இருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குவளையைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கவில்லை. கையால் வாயை மூட மறந்து, தலையைச் சாய்த்து, என் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.